பற்றாசு: உலோகத்தை உலோகத்தோடு ஒட்ட வைத்த கதை

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் அவர்களைக் குதுப்மினாருக்குக் கூட்டிக்கொண்டு போகாத தில்லித் தமிழர் இருக்க முடியாது. போனால் இரும்புத் தூணையும் பார்த்துவிட்டுத்தான் வருவோம். முன்பெல்லாம் முதுகைத் தூணில் சாய்த்துக் கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிப்பிடிக்கப் பார்ப்பார்கள். 1997இல் வேலி போட்ட பிறகு அந்த விளையாட்டு நின்றுபோச்சு.

அந்தத் தூணைப் பற்றி ஒரு கதை உண்டு. தூணின் அடி வாசுகி நாகத்தின் தலைமேல் ஊன்றியிருக்கிறது என்று ஒரு பெரியவர் சொல்ல, நம்பாத அரசன் அனங்கபாலன் அதைப் பிடுங்கிப் பார்த்தானாம். அடியில் இரத்தம். பயந்துபோய்த் திரும்ப நட்டான், ஆனால் பழைய பிடிப்பு வரவில்லை. தளர்ந்துபோனதை இந்தியில் 'டீலா' என்கிறார்கள் அல்லவா, அதிலிருந்துதான் தில்லி என்ற பெயரே வந்தது என்று கதை முடியும். சொல்லாராய்ச்சிக்கு இது நிற்குமோ நிற்காதோ, ஒட்டு விட்டுப்போன ஒரு தூணால் பெயர் பெற்ற தலைநகரம் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

1871இல் தொல்லியல் துறையைச் சேர்ந்த பெக்லர் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தார். பாதாளம் வரை போகும் என்று எல்லோரும் நினைத்திருந்த தூண், சில அடிகளிலேயே முடிந்துவிட்டது. அடிப்பாகம் குமிழ் போலப் பருத்திருந்தது. அதன் கீழே இரும்புக் கம்பிகளைப் பின்னல் போல வைத்து, அவற்றைக் காரீயம் உருக்கி ஊற்றித் தளக்கல்லோடு பிடிக்க வைத்திருந்தார்கள். வாசுகி இல்லை, ஈயம்தான் இருந்தது.

இந்தத் தூண் சுமார் 1,600 ஆண்டுப் பழமையானது. உயரம் 7 மீட்டருக்குச் சற்று மேல், எடை 6 டன்னுக்கு மேல். இத்தனை பெரிய இரும்பை ஒரே வார்ப்பில் எடுக்க அன்று வழியில்லை. இரும்புக் கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சம்மட்டியால் அடித்து அடித்தே ஒன்றாக்கியிருக்கிறார்கள். தூணைப் பற்றி வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் (2009இல் மறைந்தார்) இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். ஆக, ஒரே தூணில் இரண்டு விதமான ஒட்டு. மேலே இரும்போடு இரும்பு, நடுவில் வேறு சரக்கே இல்லை. கீழே கல்லோடு இரும்பைப் பிடிக்க ஈயம். மேலே ஈயம் வைத்திருந்தால் தூண் நின்றிருக்காது. கீழே கல்லைச் சம்மட்டியால் அடித்து இரும்போடு சேர்க்கவும் முடியாது. எந்த வேலைக்கு எந்தப் பிடிப்பு என்பது அந்தக் கொல்லர்களுக்குத் தெரிந்திருந்தது.

இக்கட்டுரை அந்தத் தேர்வைப் பற்றியதுதான். அடியேன் பாத்திர வியாபாரி, பேராசிரியர் அல்லன். கடையில் செம்பையும் பித்தளையையும் நிறுத்துக்கொண்டே படித்தவை இவை.

இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவில், அவற்றைவிட முன்னதாக உருகக்கூடிய மூன்றாவது உலோகத்தை உருக்கி விட்டு ஒட்ட வைப்பதற்குத் தமிழில் பல பெயர் உண்டு. 'பத்த வைக்கிறது' என்பது பேச்சு வழக்கு. தட்டார் 'பொடி' என்பார்கள். ரேடியோ, டி.வி. பழுது பார்ப்பவர் 'சால்டர்' என்பார். தில்லி நகைக் கடையில் அதுவே 'டாங்கா'. துணி தைக்கிற தையலுக்கும் அதே டாங்காதான், யோசித்தால் பொருத்தமான சொல். நம்முடைய பழைய நூல்வழக்கு 'பற்றாசு'. வெறும் 'ஆசு' என்றும் சொல்வதுண்டு.

இந்த ஆசு தமிழ் யாப்பிலக்கணத்துக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு குறள் வெண்பாக்களை நடுவில் ஒரு தனிச்சொல்லால் இணைத்தால் நேரிசை வெண்பா. சில சமயம் முதல் குறளின் முடிவும் தனிச்சொல்லும் சரியாக இணையாமல் விட்டு இசைக்கும். அப்போது ஓர் அசையோ இரண்டு அசையோ இடையில் சேர்த்து இட்டு நிரப்புவார்கள். அதற்கு 'ஆசிடை நேரிசை வெண்பா' என்று பெயர். யாப்பருங்கலக்காரிகைக்கு உரை எழுதிய குணசாகரர், ஒன்றோடொன்று ஒட்டாத உலோகங்களைப் பற்றாசு வைத்து ஒன்றாக்குவதை இதற்கு உவமையாகச் சொல்கிறார். காரிகை செய்த அமிதசாகரரும் உரை செய்த குணசாகரரும் சமண முனிவர்கள் என்பதால், நயினார் குடும்பத்தில் பிறந்தவன் என்ற உரிமையோடு இதைச் சற்றுப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். துறவிக்குத் தங்கம் எதற்கு? ஆனால் தட்டார் பட்டறையை உற்றுப் பார்த்திருக்கிறார். அவ்வுரையில் ஒட்ட வைப்பதற்கு வருகிற வினைச்சொல் 'விளக்குதல்'. நாம் அந்தப் பொருளில் அதை மறந்துவிட்டோம். பக்கத்து வீட்டு மலையாளிகளைக் கேட்டுப் பாருங்கள், 'விளக்கிச் சேர்க்குக' என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

ஆசு என்ற சொல்லுக்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் இருக்கிறது. இரண்டும் ஒரே சொல்தானா என்பதைப் புலவர்கள் தீர்க்கட்டும். ஆனால் நகை வாங்கி விற்றவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஒட்டு இல்லாமல் நகை இல்லை, அந்த ஒட்டுதான் நகையின் குறையும்கூட. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் ஈயத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327 டிகிரியில். இரண்டையும் கலந்தால் நடுவில் ஏதோ ஒரு சூட்டில் உருகும் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது, இரண்டையும்விட முன்னதாக! இந்த விசித்திரத்தின் மேல்தான் ஈயப் பற்றின் வரலாறு முழுவதும் நிற்கிறது.

முதலாம் நூற்றாண்டு ரோமானியர் பிளினி, குழாய்களை ஒட்ட இரண்டு பங்கு காரீயமும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவையைச் சொல்கிறார். மூன்றில் ஒன்று என்ற பொருளிலேயே அதன் பெயரும் இருந்தது. இந்தியாவில் செம்பும் ஈயமும் கிடையாது, முத்தையும் மணியையும் கொடுத்து அவற்றை வாங்குகிறார்கள் என்று எழுதியவரும் இதே பிளினிதான். கிடையாது என்றது தவறு. இராஜஸ்தானத்து ஜாவர் சுரங்கங்கள் மிகப் பழமையானவை. ஆனால் வாங்கினோம் என்பது உண்மை. முசிறித் துறையில் இறங்கிய சரக்குகளில் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றையும் 'எரித்திரேயக் கடல் பெரிப்ளூஸ்' குறிப்பிடுகிறது. நாம் மிளகு கொடுத்தோம், அவர்கள் பத்த வைக்கிற சரக்கைக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

குழாய்க்காரருக்கு ஏன் மூன்றில் ஒன்று? அந்தக் கலவை ஒரே நொடியில் இறுகாது. உருகியதற்கும் இறுகுவதற்கும் நடுவில் நீண்ட நேரம் களிமாவு போல இருக்கும். துணியால் வழித்துக் குழாயைச் சுற்றி உருண்டையாக அப்பலாம். ரேடியோக்காரருக்கு இது ஆகவே ஆகாது. களியாக இருக்கும்போது கம்பி ஒரு மயிரிழை அசைந்தாலும் உள்ளே விரிசல் விழும், பார்க்க ஒட்டியது போல இருக்கும், மின்சாரம் போகாது. ஆகவே அவருக்கு 63:37, அல்லது அதற்கு மிக அருகிலான 60:40. சட்டென்று உருகி, சட்டென்று இறுகும். அதே இரண்டு உலோகம்தான், பங்கு மாறினால் தொழிலே மாறுகிறது. செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத்ராய் மார்க்கெட்டில் போய் 'சால்டர் கொடு' என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பது இதனால்தான்.

பற்றாசு மட்டும் போதாது, மேற்பரப்பைச் சுத்தப்படுத்தும் ஒரு துணைச் சரக்கும் வேண்டும். சூடு ஏறினால் உலோகத்தின் மேல் கறுப்புப் படியும், படிந்தால் ஒட்டாது. மின் வேலைக்குப் பைன் மரப் பாலிலிருந்து எடுக்கும் ரோசின், கம்பிக்குள்ளேயே அடைத்து வரும். தகர வேலைக்குத் துத்தநாகத்தைக் கரைத்த அமிலம். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் நாசம். அமிலம் தடவிப் பத்த வைத்த ரேடியோ அன்று பாடும், ஆறு மாதத்தில் கம்பி பச்சை பூத்து அற்றுப்போகும். தகரத்திலும்கூட வேலை முடிந்ததும் சோடா மாவுத் தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். அலுமினியத்துக்கு இந்தச் சரக்கு எதுவுமே பிடிக்காது, அதன் மேல்தோல் அப்படி. எவர்சில்வரும் சாதாரண அமிலத்துக்கு மசியாது. நம் வீடுகளில் எவர்சில்வர் வந்த பிறகு தெருவில் பத்த வைக்கிறவர் குரல் மெல்ல மெல்ல மறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈயம் பூசுகிறவரை இங்கே 'கலாய்வாலா' என்பார்கள். அவர் தூவும் நௌஷாதர்தான் நம் நவச்சாரம். சூடான பித்தளையில் நவச்சாரம் பட்டதும் எழும் வெள்ளைப் புகை, மூக்கைத் துளைக்கும் நெடி, அது கும்பகோணமானாலும் சாவ்ரி பஜாரானாலும் ஒன்றுதான்.

சமையல் பாத்திரத்தில் எந்த ஒட்டு வைப்பது என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. 1845இல் ஜான் பிராங்க்ளின் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் 2 கப்பல்களில் வடதுருவக் கடலுக்குப் போனார். கூட வந்தவர்களையும் சேர்த்து 129 பேர், ஒருவரும் திரும்பவில்லை. 1980களில் பனியில் கெடாமல் கிடந்த உடல்களை ஆராய்ந்தபோது காரீயம் மிக அதிகமாக இருந்தது. உணவு டப்பாக்களைக் காரீயப் பற்று வைத்து மூடியதே காரணம் என்றார்கள். டப்பா மட்டும் காரணம் இல்லை, கப்பலின் தண்ணீர்க் குழாயும் இருக்கலாம், பட்டினியும் நோயும் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள். வாதம் எப்படி முடிந்தாலும், அமெரிக்காவில் உணவு டப்பாக்களில் காரீயப் பற்றுக்கு 1995இல்தான் சட்டப்படி தடை வந்தது. ஒன்றரை நூற்றாண்டு ஆனது!

நம் வீட்டில் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. புளியும் எலுமிச்சையும் காரீயத்தைக் கரைக்கும், அவ்வளவு தெரிந்தால் போதும். பித்தளைக் காப்பி ஃபில்டரின் உட்பக்கம் ஒழுகுகிறது என்று தெருவோரத்தில் சாதாரண சால்டர் வைத்துக்கொண்டு வராதீர்கள். வெள்ளீயத்தோடு நூற்றுக்கு 3, 4 பங்கு செம்போ வெள்ளியோ சேர்ந்த, காரீயம் இல்லாத பற்று கிடைக்கிறது. 220 டிகிரிக்கு மேல்தான் உருகும், கொதிக்கிற தண்ணீருக்கு அசையாது. ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் வெள்ளீயமாக இருக்க வேண்டும். வெள்ளீயத்தை லேசாக வளைத்தால் முனகுவது போல ஒரு சத்தம் வரும், காரீயம் வாய் திறக்காது. காகிதத்தில் தேய்த்தால் காரீயம் பென்சில் போலக் கோடு போடும். கலப்படம் குறைவாக இருந்தால் இந்தச் சோதனைகள் பிடித்துக் கொடுக்காது என்பதையும் வியாபாரி என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள்.

குத்துவிளக்கு உடைந்தால்? நாச்சியார்கோயில் விளக்குகள் பாகம் பாகமாகத் திருகிச் சேர்ப்பவை. நடுத்தண்டின் திருகு போனால் ஈயப் பற்றே தாங்கும். திரி எரிகிற தகழியில் ஈயம் வைக்கக் கூடாது, ஒரு கார்த்திகைக்குள் இளகிவிடும். அங்கே வெள்ளிப் பற்று வேண்டும். வெள்ளி, செம்பு, துத்தநாகம் கலந்த அது 650 டிகிரிக்கு மேல் உருகும். பித்தளையோ சுமார் 900 டிகிரி. நடுவில் இருக்கிற இடைவெளிக்குள் வேலையை முடிப்பதுதான் கைத்திறன். ஏ.சி., ஃபிரிட்ஜ் செம்புக் குழாய்களுக்குப் பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பி போதும், துணைச் சரக்குகூட வேண்டாம். அதையே இரும்புக் குழாயில் வைத்தால் ஒட்டு கண்ணாடி போல நொறுங்கும்.

நிற்க. இனித் தங்கம்.

'ஸோனே பே ஸுஹாகா' என்று தில்லியில் பேச்சுக்குப் பேச்சு காதில் விழும். நல்லது ஒன்றோடு இன்னொரு நல்லது சேர்ந்தால் சொல்லும் பழமொழி. ஸுஹாகா என்பது நம் வெங்காரம். நெருப்பில் போட்டால் முதலில் பொரிந்து உப்பும், பிறகு கண்ணாடி போல இளகித் தங்கத்தின் மேல் பரவி அழுக்கைத் தின்னும், காற்றுப் படாமல் காக்கும். அதன் வடமொழிப் பெயர் டங்கணம். திபெத்து, லடாக் பக்கத்து ஏரிகளிலிருந்தும் ஊற்றுகளிலிருந்தும் ஆட்டு முதுகில் மூட்டையாக இறங்கி, கைமாறிக் கைமாறி வெனிஸ் வரைக்கும் போனது. ஐரோப்பியத் தட்டார்கள் நெடுங்காலம் நம்பியிருந்தது அந்த இமயச் சரக்கைத்தான்.

வெங்காரம் சுத்தம் செய்யும், ஒட்டுவது பொடி. தங்கத்தோடு வெள்ளியும் செம்பும் சேர்த்து உருக்கி அராவிய தூள் அது. மூலத் தங்கத்தைவிட முன்னதாக உருக வேண்டும், நிறமும் மாறக் கூடாது. ஒரு நகையில் பத்து ஒட்டு இருந்தால் முதல் ஒட்டுக்கு அதிகச் சூட்டில் உருகும் பொடி, அடுத்ததற்குக் கொஞ்சம் குறைந்த சூட்டில் உருகுவது, இப்படி இறங்கிக்கொண்டே போவார்கள். இல்லாவிட்டால் ஐந்தாவதை ஊதும்போது முதலாவது கழன்று விழும். உமியோட்டில் நெருப்பு, வாயில் ஊதுகுழல், கண் மட்டும் அந்தப் புள்ளியில். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்று நாம் சொல்வது இதிலிருந்து வந்ததே. பார்த்தால் தெரியாது, ஆனால் அங்கே ஏதோ வைத்திருக்கிறான்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் கொண்டுவந்த சிலம்பைப் பொற்கொல்லன் வாங்கி அதன் வேலைப்பாட்டை உற்று நோக்குகிறான். உள்ளே மாணிக்கப் பரல் போட்ட, உள்ளீடற்ற சிலம்பு அது. பரலை இட்டு மூடி, மூடிய வாய் தெரியாமல் பொடி வைத்து ஊதியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்தத் தொழில் தெரிந்தவன் முதலில் அந்த இடத்தைத்தானே பார்த்திருப்பான்?

பொடியில் தங்கம் குறைவு. அதனால் நகையின் மாற்றும் குறையும். இதைக் கணக்கில் எடுப்பது நம் நாட்டுக்குப் பழக்கமான காரியம். இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த நகைகளை 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்து, அந்த எடையில் மணிகளும் அரக்கும் உட்பட என்றெல்லாம் கல்வெட்டில் பொறித்திருக்கிறார்கள். நிறைவேறு, பொன் வேறு என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் எழுதிய பாடம். இன்று கரோல்பாக் கடையில் பாட்டியின் அட்டிகையைக் கொடுத்தால் தராசில் வைத்துவிட்டு 'டாங்கா' என்று ஒரு கழிவு போடுகிறார்களே, அதன் பரம்பரை நீளமானது. கொலுசுக்கு இன்னும் மோசம், கண்ணிக்குக் கண்ணி ஒட்டு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 பவுன் நகை, 80 கிராம். இதில் 4 கிராம் பொடி என்றும் அந்தப் பொடியில் நூற்றுக்கு 60 பங்குதான் தங்கம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மீதி 76 கிராம் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கமுள்ள நல்ல 22 காரட். முழு நகையையும் உருக்கினால் 900தான் வரும். சுமார் 1.26 கிராம் தங்கம் குறைவு. வாங்கும்போது 916க்குப் பணம் கொடுத்தவர் விற்கும்போது 900க்குத்தான் பணம் பெறுவார். வீட்டுப் பெண்கள் தட்டாரைத் திருடன் என்று திட்டியதற்கும், தட்டார் 'நான் என்னம்மா செய்யட்டும், ஒட்டாமல் எப்படி' என்று சொன்னதற்கும் இதுவே காரணம். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

இந்தச் சண்டையைத் தீர்க்க வந்ததுதான் கே.டி.எம். கேட்மியம் என்ற உலோகத்தின் பெயர் பட்டறை வாயில் சுருங்கிக் கே.டி.எம். ஆனது. கேட்மியம் 1817இல் ஜெர்மனியில் ஸ்ட்ரோமையர் என்பவர் துத்தநாகத் தாதுவில் கண்டுபிடித்த உலோகம், 321 டிகிரியில் உருகிவிடும். 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு கேட்மியம் சேர்த்தாலே போதும், நகையைவிட முன்னதாக உருகும் பற்றாசு கிடைத்துவிடுகிறது. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் போடுங்கள். 4 கிராம் பொடியிலும் 92 பங்கு தங்கம், நகையை உருக்கினாலும் 916 அப்படியே நிற்கும். வாங்குகிறவருக்கு நஷ்டம் இல்லை, கடைக்காரருக்குப் பேச்சு இல்லை. 1990களில் தமிழ்நாட்டு விளம்பரங்களில் '916 கே.டி.எம்.' என்று கொட்டை எழுத்தில் வந்தது நினைவிருக்கும். பலர் கே.டி.எம். என்பதே ஒரு தர முத்திரை என்று நினைத்துவிட்டார்கள். அது ஒட்டின் பெயர், தரத்தின் பெயர் அல்ல.

தங்கத்தின் கணக்கு மட்டும் பார்த்தால் இதைவிடச் சிறந்த பற்றாசு கிடையாது. ஆனால் கேட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். ஊதுகிற இடத்தில் சூடு அதைத் தாண்டிப் போகும். பழுப்பாக எழும் அந்தப் புகைக்கு ஓர் அடி தூரத்தில் தட்டாரின் மூக்கு. அவர் வாயால் ஊதுகிறவர். ஊதினால் அடுத்த மூச்சை உள்ளே இழுத்துத்தானே ஆக வேண்டும்? அதிகமாகப் போனால் சில மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சலும் நெஞ்சடைப்பும் வரும், சாதாரண ஜுரம் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரைச் சனங்கள் எலும்பு நொறுங்கி 'இத்தாய், இத்தாய்' (வலிக்கிறது, வலிக்கிறது) என்று அலறியதால் 'இத்தாய் இத்தாய்' என்றே பெயர் பெற்ற நோய்க்கு, ஆற்றில் மேலே இருந்த சுரங்கத்தின் கேட்மியமே காரணம் என்று 1968இல் அந்த நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. 1993இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் கேட்மியத்தைச் சேர்த்தது. நம் ஊரில் கே.டி.எம். விளம்பரம் கொடிகட்டிப் பறந்ததும் அந்தப் பத்து ஆண்டுகளில்தான்.

கரோல்பாக்கில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு பீடன்புரா, ரேகர்புரா சந்துகள் தெரியும். வங்காளத்திலிருந்து வந்த பொற்கொல்லர்கள் ஒரே அறையில் நாலைந்து பேராக உட்கார்ந்து வேலை செய்யும் இடம். நம்மைப் போலவே ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். நம் பெண்களின் கழுத்தில் மாற்றுக் குறையாமல் இருக்க, மூச்சைக் கொடுத்தவர்கள் அவர்களும் கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர்களும். நகைச்சீட்டில் செய்கூலி உண்டு, சேதாரம் உண்டு. இந்தச் சேதாரத்தை எந்தச் சீட்டிலும் எழுதவில்லை.

இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2000இல் தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரையைத் தொடங்கியது. அதன் தரவிதி கேட்மியப் பற்றை ஏற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் நகைகளிலும் பற்றுக் கம்பிகளிலும் கேட்மியத்தை 2011 டிசம்பரில் தடுத்தது. இங்கே 2021 ஜூனில் 256 மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமானது, 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது என்றானது. இப்போது கேட்மியத்துக்குப் பதில் துத்தநாகம், இண்டியம் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். உருகும் சூடு கொஞ்சம் கூடும், கை கொஞ்சம் பதமாக இருக்க வேண்டும், மாற்றும் நிற்கும். பெரிய பட்டறைகளில் லேசர் ஒளியால் பொடியே இல்லாமல் ஒட்டுகிறார்கள். இரும்புத் தூண் கொல்லர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், நடுவில் சரக்கு இல்லாத ஒட்டுக்கே திரும்பியிருக்கிறோம்.

சால்டர் உலகத்திலும் இதே கதைதான் சற்று வேறு வேகத்தில் நடந்தது. மின்னணுச் சாமான்களில் காரீயத்தை ஐரோப்பா 2006 ஜூலையில் கட்டுப்படுத்தியது, நம் மின்கழிவு விதிகள் 2012 மே முதல் நடப்புக்கு வந்தன. இப்போது வரும் கைப்பேசிகளில் வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை, சுமார் 217 டிகிரி. ஆனால் பழைய டி.வி. பலகைகள் இன்னும் யமுனைக்கு அப்பால் சீலம்பூர் சந்துகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அங்கே பலகையைச் சூடுகாட்டிச் சில்லுகளைப் பிடுங்குகிறார்கள். பத்த வைத்ததைப் பிரிக்கிற வேலையிலும் அதே ஈயப் புகை, அதே ஓர் அடி தூரம்.

வீட்டில் 1990களிலும் அதற்குப் பிறகும் வாங்கிய கே.டி.எம். நகை இருந்தால் பயப்பட வேண்டாம். தங்கத்தோடு கலந்து இறுகிய கேட்மியத்தால் அணிகிறவருக்கு வரும் ஆபத்து, ஊதுகிறவருக்கு வருவதைப் போன்றதல்ல. ஆனால் கொக்கி அறுந்தது, வளையம் விட்டுப்போச்சு என்று பழுது பார்க்கக் கொடுப்பீர்கள் அல்லவா, அப்போது பழைய ஒட்டு மறுபடி நெருப்பைப் பார்க்கும், புகையும் மறுபடி எழும். கொடுக்கும்போதே 'இது பழைய கே.டி.எம். நகை' என்று சொல்லிவிடுங்கள். ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கவுண்டரில் இருப்பவர் கேட்டுக்கொண்டு தலையாட்டினால் போதாது, உள்ளே ஊதப்போகிறவருக்கு அது போய்ச் சேர வேண்டும்.